கட்டிய ஏரி, நட்ட காடு, நடந்த பாதை

 

மலர்க் குழுவினர் கட்டுரை கேட்டபோது, "சார், ஹாஸ்டல் கதை மட்டும் வேண்டாம், அது போன தடவையே ஏகப்பட்ட பேர் எழுதிட்டாங்க" என்று முதலிலேயே சொல்லிவிட்டார்கள். நியாயம்தான். எனவே வரலாற்றுத் துறையில் படித்தவன் என்ற உரிமையில், நம்மில் பெரும்பாலோர் ஒரு முறையாவது போய்வந்த ஓர் இடத்தின் வரலாற்றை எழுதலாம் என்று தோன்றியது. அந்த இடம் கொடைக்கானல் மலை.

நம் கல்லூரியில் எந்த செட்டைக் கேட்டாலும் ஒரு கொடைக்கானல் முகாம் இருக்கும். என்.எஸ்.எஸ்.ஸில் போனவர்கள், என்.சி.சி.யில் போனவர்கள், துறைச் சுற்றுலா என்று போனவர்கள், வீட்டுக்குச் சொல்லாமலே போனவர்கள் என்று பல வகை. ஏரிக்கரையில் வாடகைச் சைக்கிள் எடுத்து ஒரு சுற்று, பைன் காட்டில் ஒரு குரூப் போட்டோ, பேரிஜம் பக்கம் ஒரு நீண்ட நடை, ராத்திரி கூடாரத்தில் பல் கிட்டிக்கும் குளிர். திரும்பி வந்ததும், "இயற்கை அன்னையின் மடியில் மூன்று நாட்கள்" என்று ஆண்டு மலரில் ஒரு கட்டுரை. இன்றைய பிள்ளைகள் கியர் வைத்த மலைச் சைக்கிளையும் சேர்த்துக் கொண்டு போகிறார்கள். மற்றபடி எல்லாம் அதே கதைதான்.

நல்லது. ஆனால் அந்த "இயற்கை அன்னை" என்ற சொல்லில்தான் ஒரு வரலாற்று மாணவனுக்குச் சந்தேகம் வரவேண்டும். நாம் படகு விட்ட ஏரி இயற்கையானதா? கூடாரம் போட்ட காடு இயற்கையானதா? நடந்து போன பாதையை யார் போட்டார்கள்? இந்த மூன்று கேள்விகளுக்கும் விடை தேடினால், அந்த மலையின் இருநூறு ஆண்டு வரலாறே வந்துவிடுகிறது.

பாதை முதலில், மற்றவை பிறகு

கொடைக்கானலைப் பற்றிய கைடு புத்தகங்கள் பலவும் 1821ஆம் ஆண்டில் தொடங்குகின்றன. அந்த ஆண்டுதான் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு என்ற ஆங்கிலேய நில அளவை அதிகாரி மலை உச்சியை அளக்க ஏறினார். "வார்டு கொடைக்கானலைக் கண்டுபிடித்தார்" என்று எழுதுபவர்களும் உண்டு.

அவர் எங்கிருந்து ஏறினார் என்று பார்க்க வேண்டும். மலைச்சரிவில் உள்ள வெள்ளகெவி என்ற குன்னுவர் கிராமத்தில் தங்கி, அங்கிருந்து மேலே ஏறினார். அதாவது, அவருக்கு முன்பே அங்கே ஊர் இருந்தது. ஊர் இருந்தால் வழியும் இருந்திருக்கும். அவர் அளந்தார் என்று சொல்லலாம். கண்டுபிடித்தார் என்று சொல்வது நம்ம ஊர் ஆள் ஒருவர் கூட்டிக்கொண்டு போய்க் காட்டியதை மறைப்பது.

மனிதர்கள் அந்த மலையில் இருந்ததற்கு அதைவிடப் பழைய சாட்சியும் உண்டு. தாண்டிக்குடி, பெருமாள்மலைப் பக்கங்களில் பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடு கல் வைத்த கல்திட்டைகள் இன்றும் இருக்கின்றன. செண்பகனூரில் இருந்த ஏசு சபைக் குருமார்கள் இவற்றைத் தேடித் தேடிப் பதிவு செய்தார்கள். 1928இல் இந்தியத் தொல்லியல் துறை அதை நூலாகவே வெளியிட்டது. காட்டில் தேனும் கிழங்கும் எடுத்து வாழ்ந்த பளியர், மலைச் சரிவில் பயிர் செய்த புலையர், கீழ்நாட்டிலிருந்து ஏறி வந்து குடியேறிய குன்னுவர் ஆகியோரின் கால்கள் போட்ட தடங்கள்தான் இந்த மலையின் முதல் பாதைகள்.

வார்டுக்குப் பிறகு 1836இல் தாவரவியலறிஞர் ராபர்ட் வைட் வந்து செடி கொடிகளைக் குறித்துக்கொண்டார். 1845இல் மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் சமவெளிக் காய்ச்சலுக்குப் பயந்து இரண்டு பங்களாக்கள் கட்டிக்கொண்டார்கள். அதிலிருந்துதான் ஊர் வளர்ந்தது.

இங்கே ஒரு நிமிடம் நின்று யோசியுங்கள். அன்று மோட்டார் கிடையாது. மலையடிவாரம் வரை மாட்டு வண்டி. அதற்கு மேல்? பெரியகுளம் பக்கம் கிருஷ்ணமநாயக்கன் தோப்பிலிருந்து ஒரு செங்குத்தான பாதை. துரை குதிரையில் போவார். துரைசாணியும் குழந்தைகளும் டோலியில் போவார்கள். அரிசி மூட்டை, இரும்புக் கட்டில், கண்ணாடி ஜன்னல், பியானோ என்று பங்களாவுக்கு வேண்டியதெல்லாம் ஆட்களின் தலையிலும் தோளிலும்தான் ஏறியாக வேண்டும். சுமார் ஏழாயிரம் அடி உயரம்! நாம் முதுகுப் பையில் இரண்டு பிஸ்கட் பாக்கெட்டையும் ஒரு போர்வையையும் வைத்துக்கொண்டு "அப்பாடா, முடியலடா மச்சான்" என்று உட்கார்ந்தோமே, அந்த மலை மேல்தான். அந்தச் சுமைக்காரர்களின் பெயர்களை எவரும் எழுதி வைக்கவில்லை. பாதைதான் அவர்களின் கையெழுத்து.

ஏரி கட்டிய கதை

நட்சத்திர வடிவில் இருக்கிறது என்று சொல்லி நாம் சுற்றி வந்த கொடைக்கானல் ஏரி 1863இல் உருவாக்கப்பட்டது. அதற்கு முன் அங்கே ஓடைகள் வந்து சேரும் ஒரு சதுப்பு நிலம்தான் இருந்தது. மதுரை மாவட்ட ஆட்சியராக இருந்த சர் வியர் ஹென்றி லெவிஞ்ச் அந்த இடத்தின் வாய்ப்பைப் பார்த்து, குறுக்கே கரை போட்டு நீரைத் தேக்கினார். தம் சொந்தப் பணத்தைச் செலவிட்டார் என்பார்கள். தூத்துக்குடியிலிருந்து முதல் படகு வந்தது என்பதும் ஊரறிந்த செய்தி. அந்தப் படகு மேலே வந்த விதத்தை எண்ணிப் பாருங்கள். மோட்டார் சாலை இல்லாத நாளில் அதுவும் யாரோ சிலர் தோளில்தான் வந்திருக்க வேண்டும்.

ஏரியின் பரப்பு சுமார் 60 ஏக்கர். சுற்றுப்பாதை ஏறத்தாழ 5 கிலோமீட்டர். 1872இல் மலை விளிம்பை ஒட்டி லெப்டினன்ட் கோக்கர் அமைத்த நடைபாதை இன்றும் அவர் பெயரிலேயே இருக்கிறது. 1890இல் படகு கிளப் உருவானது. ஆக, சும்மா உலாவுவதற்கென்றே ஏரியும் பாதையும் போடும் வழக்கம் இந்த மலையில் 1860களில் தொடங்கிவிட்டது. அதுவரை இங்கே யாரும் காரணமில்லாமல் நடந்ததில்லை. ஒரு மூட்டையைக் கொண்டு போக, ஒரு மாட்டைத் தேட, ஒரு பெண்ணைக் கட்டிக் கொடுக்கத்தான் நடந்தார்கள்.

மலை ஏறும்போது பஸ்ஸை நிறுத்தி நாம் வடையும் டீயும் சாப்பிடும் வெள்ளி அருவி இருக்கிறதே, அது இந்த ஏரியிலிருந்து வழிந்து வரும் நீர்தான். ஏரி இல்லாவிட்டால் நாம் பார்க்கும் அந்த அருவியும் இந்த உருவில் இருந்திருக்காது. ஒரு மனிதர் போட்ட கரை, ஊரின் முகத்தையே மாற்றிவிட்டது.

அடுத்தது பேரிஜம். கொடைக்கானலிலிருந்து இருபது கிலோமீட்டருக்கு மேல் காட்டுக்குள்ளே போகவேண்டும். 1860களில் கர்னல் டக்ளஸ் ஹாமில்டன் என்ற ராணுவ அதிகாரி வேட்டைக்கும் வரைபட வேலைக்குமாக இந்தப் பகுதியில் சுற்றினார். அவர் தங்கிய இடத்துக்கு ஹாமில்டன் கோட்டை என்று பெயர். பெயரில்தான் கோட்டை, பீரங்கியைத் தேடிப் போனால் ஏமாற்றம்தான். அங்கேயும் முதலில் சதுப்பு நிலம்தான் இருந்தது. பின்னாளில் மதகுகளோடு அணை போட்டு அதை ஏரியாக்கினார்கள். இன்று சுற்றுலாப் பயணிகள் அதை "மனிதன் கை படாத ஏரி" என்று மெச்சுகிறார்கள். மனிதன் கை பட்டதால் வந்த ஏரிதான் அது. பெரியகுளத்துக் குழாயில் வரும் குடிநீருக்கும் அதுவே ஆதாரம். நம் செட்டில் பெரியகுளத்துக்காரர்கள் யாராவது இருந்தால், அவர்கள் குடித்து வளர்ந்தது இந்த ஏரித் தண்ணீரைத்தான்.

காடு நட்ட கதை

இனிதான் பலருக்கு அதிர்ச்சி. நாம் குரூப் போட்டோ எடுத்த பைன் காடு இந்த நாட்டு மரமே அல்ல. நேராக வரிசை பிடித்து நிற்கிறதே, அதைப் பார்த்தாலே நட்டது என்று தெரிய வேண்டாமா? அது இருபதாம் நூற்றாண்டின் நடவு. கற்பூர மரம் என்கிற யூக்கலிப்டசும், சீகை மரம் என்கிற வாட்டிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தவை. 1867இல் பம்பாய்ப் படையைச் சேர்ந்த மேஜர் பார்ட்ரிட்ஜ் இவற்றைக் கொடைக்கானலுக்குக் கொண்டுவந்தார்.

அப்படியானால் அதற்கு முன் மலை மேலே என்ன இருந்தது? புல். மலை முகடுகளில் அலை அலையாகப் புல்வெளி. பள்ளத்தாக்கின் மடிப்புகளில் மட்டும் அடர்ந்த குட்டை மரச் சோலை. இதுதான் மேல் பழனி மலையின் சொந்த முகம். வரையாடு மேய்வது புல்லில். பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை பூக்கும் குறிஞ்சி நிற்பதும் இந்தப் புல்வெளிச் சரிவுகளில். கடைசியாக 2006இலும் 2018இலும் பூத்தது. நம் செட்டில் சிலர் 1994இல் பார்த்திருப்பார்கள்.

ஆங்கிலேயருக்குப் புல்வெளி என்றால் பயனில்லாத தரிசு. மரம் இருந்தால்தான் காடு என்பது அவர்கள் கணக்கு. சுதந்திரம் வந்த பிறகும் அதே கணக்குதான் தொடர்ந்தது. தோல் பதனிடும் தொழிலுக்குச் சீகைப் பட்டை வேண்டும். அதை வெளிநாட்டிலிருந்து வரவழைப்பதைவிட இங்கேயே வளர்க்கலாம் என்றார்கள். விறகுக்கும் ஆலைக் கூழுக்கும் கற்பூர மரம் என்றார்கள். புல்வெளிகளில் பெரிய அளவில் நடவு நடந்தது. கெட்ட எண்ணத்தில் செய்ததல்ல. அந்தக் காலத்தில் அதற்குப் பெயர் வளர்ச்சி. ஆனால் சீகை நட்ட இடத்தில் மட்டும் நிற்கும் மரமல்ல. அதன் விதை மண்ணில் பல காலம் கிடக்கும். வெட்டினாலும் முளைக்கும், தீ வைத்தால் இன்னும் அதிகமாக முளைக்கும்.

1973க்கும் 2014க்கும் இடைப்பட்ட செயற்கைக்கோள் படங்களை ஒப்பிட்டு 2018இல் ஓர் ஆய்வு வெளியானது. பழனி மலைப் புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு அந்த நாற்பது ஆண்டுகளில் போய்விட்டது என்பது அதன் முடிவு. மர நடவும் விவசாயமும்தான் காரணம். நாம் கல்லூரியில் படித்த காலமும் இந்த நாற்பதுக்குள்தான் வருகிறது. நாம் பைன் நிழலில் நின்று பாட்டுப் பாடிக்கொண்டிருந்தபோதே, எதிர் முகட்டில் புல் குறைந்துகொண்டிருந்தது.

புல் போனால் என்ன, பசுமையாகத்தானே இருக்கிறது என்று கேட்கலாம். விஷயம் தண்ணீரில் இருக்கிறது. புல்வெளி மழையை வாங்கி மண்ணுக்குள் இறக்கும். பள்ளத்துச் சோலை அதைப் பிடித்து வைத்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஓடைக்கு விடும். கோடையிலும் ஓடை வற்றாமல் இருப்பது இதனால்தான். வேகமாக வளரும் அந்நிய மரமோ, மண்ணிலுள்ள நீரைத் தானே இழுத்துக்கொள்ளும். இந்த மலையின் தெற்கு முகத்து நீர் வைகைக்கும், வடக்கு முகத்து நீர் அமராவதிக்கும் போகிறது. பழனிப் பக்கத்து வரதமாநதி, குதிரையாறு அணைகளும் இந்த மலை நீரை நம்பி இருப்பவை. ஆக, மேலே உள்ள புல்லுக்கும் கீழே உள்ள நம் வயலுக்கும் நேரடிச் சொந்தம்.

இந்த உண்மையை நமக்குத் திரட்டித் தந்தவர்களில் ஒருவர் கல்லூரி ஆசிரியர் என்பதை இம்மலரில் பெருமையோடு சொல்ல வேண்டும். திருச்சி தூய வளனார் கல்லூரியில் இருந்த அருட்தந்தை கே.எம். மத்தேயு, பல ஆண்டுகள் இந்த மலையில் நடந்து செடி செடியாகச் சேகரித்து, பழனி மலைத் தாவரங்களைப் பற்றிய பெரும் நூலை 1999இல் வெளியிட்டார். அவர் மாணவர்களோடு நடந்த நடையும் நடைதான். நம் பிக்னிக்கும் நடைதான். வித்தியாசத்தை நீங்களே சொல்லுங்கள்.

சாலைகள் வந்தன, ஒன்று மூடப்பட்டது

வத்தலக்குண்டிலிருந்து ஏறும் மலைச்சாலை மேஜர் லா என்பவர் வகுத்த திட்டம். அது முழுமை பெற்று வண்டிகள் ஓடத் தொடங்கியது 1914 முதல் 1916 வாக்கில். அன்றோடு டோலிக்கும் சுமைக்கூலிக்கும் வேலை போயிற்று. பழைய நடைபாதைகள் மெல்ல மறக்கப்பட்டன.

இன்னொரு சாலையின் கதை இன்னும் சுவையானது. கொடைக்கானலிலிருந்து பேரிஜம் வழியாக மூணாறு பக்கம் டாப் ஸ்டேஷனுக்குப் போகும் காட்டு வழி. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்தில் குண்டு போட்டன. சென்னைப் பட்டணத்தையே காலி செய்துகொண்டு ஜனங்கள் ஓடினார்கள். ஜப்பான்காரன் கரை இறங்கினால் வெள்ளைக்காரர்கள் மலை வழியாகக் கேரளத்துக்குத் தப்பிக்க ஒரு வழி வேண்டும் என்று இந்தக் காட்டு வழியை மோட்டார் போகும் அளவுக்குச் சீர்படுத்தினார்கள். அதனால்தான் இதற்கு எஸ்கேப் ரோடு என்று பெயர். ஜப்பான்காரன் வரவில்லை. சாலை மட்டும் இருந்தது. எட்டாயிரம் அடிக்கு மேல் ஏறிப் போன அந்தச் சாலை 1990இல் மூடப்பட்டது. இப்போது புல்லும் புதரும் மூடி, யானையும் காட்டு மாடும் அதில் நடக்கின்றன. கேரளப் பக்கத்தில் 2003இல் பாம்பாடும் சோலை தேசியப் பூங்காவாயிற்று. நம் பக்கத்தில் 2013இல் கொடைக்கானல் வனவிலங்குச் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. அதன் பரப்பு சுமார் 609 சதுர கிலோமீட்டர். எனவே "எஸ்கேப் ரோட்டில் ஒரு டிரெக் போட்டா என்ன?" என்று கேட்கும் தம்பிகளுக்குச் சொல்கிறேன்: அது இன்று விலங்குகளின் ரோடு. அனுமதி இல்லாமல் அங்கே கால் வைப்பது வீரமல்ல, குற்றம்.

சைக்கிள் எங்கிருந்து வந்தது?

இப்போது மலைச் சைக்கிள் மோகம் வந்திருப்பதால் அதன் பிறப்பையும் சொல்லிவிடுகிறேன். 1970களில் அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில், டமால்பைஸ் என்ற மலையில், சில இளைஞர்கள் தடித்த டயர் வைத்த பழைய சைக்கிள்களைத் தள்ளிக்கொண்டு மேலே ஏறி, இறக்கத்தில் விட்டுக்கொண்டு வந்தார்கள். அவர்கள் ஓட்டிய வழி எது தெரியுமா? காட்டுத் தீயை அணைக்க வண்டி போவதற்காக வெட்டிய மண் பாதை. 1976இல் தொடங்கிய அவர்களின் பந்தயத்துக்கு "ரீபேக்" என்று பெயர். ஒரு முறை இறங்கினாலே பிரேக்குக்குள் இருந்த கிரீஸ் எரிந்து போகும். மறுபடி கிரீஸ் அடைத்தால்தான் அடுத்த ஓட்டம். அதனால் வந்த பெயர். அந்த விளையாட்டிலிருந்துதான் கியரும் தடி டயரும் வைத்த இன்றைய வண்டிகள் பிறந்தன.

ஏரியைச் சுற்றி வாடகைச் சைக்கிள் ஓட்டுவதில் யாருக்கும் நஷ்டமில்லை. தார்ச் சாலை, மண் சாலை எதுவும் சரி. ஆனால் ஈரமான புல்சரிவில் பின் சக்கரத்தைப் பூட்டி இழுத்துக்கொண்டு இறங்கினால், அந்தச் சக்கரம் ஒரு கோடு கிழிக்கும். அடுத்த மழையில் தண்ணீர் அந்தக் கோட்டைப் பிடித்து ஓடும். சில மழைக்காலம் போனால் அது ஓடையாகும், பிறகு பள்ளமாகும். கால் போட்ட பாதை மலையைச் சுற்றிச் சுற்றி ஏறுகிறது. ஏனென்றால் சுமை தூக்கியவனுக்கு மூச்சு வேண்டும். சக்கரம் நேர் இறக்கம் கேட்கிறது. பழைய பாதையை விட்டு வெளியே ஓட்டாதீர்கள் என்று மலைக்காரர்கள் சொல்வதன் காரணம் இதுதான்.

"சுட்டா அது இன்னும் உசுரோட இருக்கு"

1980களில் எங்கள் செட் அனுமதிச் சீட்டு வாங்கிக்கொண்டு ஒரு முகாம் போனோம். எங்களுக்கு வழிகாட்டியாக வந்தவர் வயதான பளியர் ஒருவர். இரவு உப்புமா கிண்டியாயிற்று. அடுப்பில் ஒரு குடம் தண்ணீரை ஊற்றிவிட்டு நாங்கள் படுக்கப் போனோம். பெரியவர் விடவில்லை. சாம்பலைக் குச்சியால் கிளறினார், மறுபடி தண்ணீர் ஊற்றினார், உள்ளங்கையை அதன் மேல் அழுத்தி வைத்தார்.

"எதுக்குங்க பெரியவரே, அதான் அணைஞ்சிருச்சே?" என்றான் ஒரு நண்பன்.

"கைய வச்சா சுடக்கூடாது தம்பி. சுட்டா அது இன்னும் உசுரோட இருக்கு. நீங்க தூங்கிருவீங்க, அது தூங்காது" என்றார்.

அன்று சிரித்தோம். 2018 மார்ச் 11ஆம் தேதிக்குப் பிறகு யாரும் சிரிக்க முடியாது.

குரங்கணி, தேனி மாவட்டத்தில் போடிக்கு மேலே உள்ள சிற்றூர். அதற்கும் ஒரு பாதை வரலாறு உண்டு. மூணாறு எஸ்டேட்டுகளின் தேயிலை ஒரு காலத்தில் இந்தப் பள்ளத்தாக்கு வழியாகத்தான் இறங்கியது. 1902இல் மாடு இழுக்கும் ஒற்றைத் தண்டவாளமும், 1908இல் சிறு ரயிலும் மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் வரை ஓடின. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பி வடத்தில் தொங்கிக்கொண்டு கீழே கொட்டகுடிப் பக்கம் இறங்கும். 1924 வெள்ளத்தில் ரயில் அழிந்தது. ஆனால் எஸ்டேட் வேலைக்கு ஏறி இறங்கிய தமிழ்க் கூலி ஜனங்களின் ஒற்றையடிப் பாதைகள் மட்டும் நிலைத்தன. பின்னாளில் அவை மலையேற்றப் பாதைகள் ஆயின.

அந்த மலையில்தான், அந்த மார்ச் ஞாயிற்றுக்கிழமை, கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கி வந்துகொண்டிருந்த இரண்டு குழுவினரைக் காட்டுத் தீ சூழ்ந்தது. சென்னையிலிருந்தும் ஈரோடு, திருப்பூர்ப் பக்கங்களிலிருந்தும் வந்தவர்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். பலர் நம் பிள்ளைகள் வயதுக்காரர்கள். அப்போதுதான் படித்து முடித்து வேலையில் சேர்ந்தவர்கள், புதிதாகத் திருமணம் ஆனவர்கள்.

மார்ச் மாதத்தில் மலைப்புல் காய்ந்து சருகாக இருக்கும். சரிவில் தீ மேல்நோக்கித்தான் வேகமாக ஓடும். கீழே எரியும் தீ மேலே உள்ள புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடும். மனிதன் ஏற்றத்தில் ஓடும் வேகமும் தீ ஏற்றத்தில் ஓடும் வேகமும் ஒன்றல்ல. இது அந்த மலையில் பிறந்தவர்களுக்குத் தெரியும். எந்த மாதம் எந்தச் சரிவுக்குப் போகக்கூடாது, காற்று எப்போது திரும்பும், எந்த இடத்தில் பாறை வெட்டவெளி உண்டு என்பதெல்லாம் அவர்களுக்கு அத்துப்படி. பாதை என்பது தரையில் உள்ள கோடு மட்டுமல்ல. அதில் நடப்பவர்கள் தலைமுறை தலைமுறையாகச் சேர்த்து வைத்த அறிவும் சேர்ந்ததுதான் பாதை. நாம் கோட்டை மட்டும் எடுத்துக்கொண்டு அறிவை விட்டுவிட்டால், மலை மன்னிக்காது.

அதன் பிறகு அரசு 2018லேயே மலையேற்றத்துக்கு விதிகள் கொண்டுவந்தது. 2024 அக்டோபரில் வனத்துறை மூலம் தமிழகம் முழுவதும் 40 பாதைகளில் மலையேற்றத் திட்டம் தொடங்கப்பட்டது. முன்பதிவு உண்டு, மலைவாழ் இளைஞர்களே வழிகாட்டிகள், தீப் பருவத்தில் நடைக்கு நிறுத்தம். 2024 மே மாதம் முதல் உயர் நீதிமன்ற ஆணைப்படி கொடைக்கானலுக்கு வண்டியில் போகவே இ-பாஸ் வேண்டும் என்று ஆயிற்று. "எங்க காலத்துல இதெல்லாம் இல்லப்பா, நினைச்சா கிளம்பிருவோம்" என்று நம்மில் சிலர் மீசையை முறுக்கலாம். எங்க காலத்தில் இத்தனை கூட்டமும் இல்லை, இத்தனை கார்களும் இல்லை, சீகைக் காடும் இத்தனை பரவவில்லை. விதிகள் வந்ததற்குக் காரணம் இருக்கிறது. அந்தக் காரணத்துக்கு இருபதுக்கும் மேற்பட்ட குடும்பங்கள் விலை கொடுத்திருக்கின்றன.

வெள்ளகெவிக்கு ஒரு நடை

இந்தக் கட்டுரை தொடங்கிய வெள்ளகெவிக்கே திரும்புவோம். வார்டு வந்து இருநூறு ஆண்டு ஆன பிறகும், அண்மைக்காலம் வரை அந்த ஊருக்கு மோட்டார் சாலை கிடையாது. மேலே வட்டக்கானலுக்கும் கீழே கும்பக்கரைக்கும் நடந்துதான் போகவேண்டும். ரேஷன் அரிசி குதிரை முதுகில் வரும். காபியும் மிளகும் குதிரை முதுகில் போகும். யாருக்காவது உடம்பு முடியாமல் போனால் கம்பில் துணியைத் தொட்டிலாகக் கட்டித் தூக்கிக்கொண்டு ஏறுவார்கள். ஊருக்குள் செருப்பு போடும் வழக்கம் இல்லை.

அதே பாதையில் நகரத்துப் பிள்ளைகள் விலையுயர்ந்த ஷூ போட்டுக்கொண்டு "டிரெக்கிங்" போகிறார்கள். ஒருவருக்குப் பொழுதுபோக்கு, இன்னொருவருக்கு ஆஸ்பத்திரி வழி. இதைச் சொல்வது பிள்ளைகளைக் குறை சொல்வதற்காக அல்ல. நடக்கட்டும், கண்டிப்பாக நடக்கட்டும். செல்போனைப் பார்த்து வளரும் தலைமுறை மலையைப் பார்க்க வேண்டாமா? ஆனால் யார் வீட்டு வாசல் வழியாக நடக்கிறோம் என்று தெரிந்து நடக்கட்டும்.

எனவே இந்த ஒன்றுகூடலில் நம் சங்கத்துக்கு மூன்று வேண்டுகோள்களை வைக்கிறேன்.

ஒன்று: நம் கல்லூரி மாணவர்களின் மலை முகாமை இனி அனுமதி பெற்ற பாதையில், அந்த மலைக்காரரையே வழிகாட்டியாக வைத்து, அவருக்கு உரிய கூலி கொடுத்து நடத்த வேண்டும். அந்தச் செலவைச் சங்கம் ஏற்கட்டும். பிப்ரவரி, மார்ச், ஏப்ரல் மாதங்களில் முகாமே வேண்டாம். கேம்ப் ஃபயர் எந்த மாதத்திலும் வேண்டாம். கட்டுச்சோறு கட்டிக்கொண்டு போங்கள், நம் தாத்தா பாட்டி அப்படித்தான் யாத்திரை போனார்கள்.

இரண்டு: முகாமில் ஒரு நாளாவது வனத்துறை காட்டும் இடத்தில் சீகைக் கன்றுகளைப் பிடுங்கும் வேலைக்கு ஒதுக்க வேண்டும். மரம் நடுவது புண்ணியம் என்று படித்த நமக்கு மரக்கன்றைப் பிடுங்குவது கையைக் கூச வைக்கும். ஆனால் புல் மீள வேண்டுமானால் அதுதான் வழி. தாவரவியல் துறைப் பிள்ளைகள் மற்றவர்களுக்கு விளக்கிச் சொல்லட்டும்.

மூன்று: வரலாற்றுத் துறை மாணவர்கள் வெள்ளகெவி போன்ற ஊர்களில் வயதானவர்களைக் கண்டு, பழைய நடைபாதைகள், அவற்றின் பெயர்கள், தங்கும் பாறைகள், தண்ணீர் ஊற்றுகள், சுமை தூக்கியவர்களைப் பற்றி வீட்டில் சொல்லப்படும் கதைகள் ஆகியவற்றைப் பதிவு செய்ய வேண்டும். ஏரி கட்டியவரின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. மரம் கொண்டுவந்தவரின் பெயரும் இருக்கிறது. பாதை போட்டவர்களின் பெயர்தான் இல்லை. சாலை வந்துவிட்டால் பாதை மறையும். பாதை தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகப் போய்க்கொண்டிருக்கிறார்கள். நல்ல ஆய்வுத் தலைப்பு கிடைக்கவில்லை என்று நூலகத்தில் தலையைச் சொறியும் எம்.ஏ. மாணவர்களே, தலைப்பு அந்த மலை மேல் காத்துக்கொண்டிருக்கிறது. தாமதிக்காதீர்கள்.

 விழாவுக்கு வரும் நண்பர்கள், இந்த மூன்று வேண்டுகோள்களில் எதற்குத் தோள் கொடுக்க முடியும் என்று மதியச் சாப்பாட்டுப் பந்தியில் என்னிடம் சொல்லுங்கள், பேசி முடிவெடுப்போம்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!